அல்சூர் ஏரியில் எத்தனை தீவு?

"தீவு கிட்ட மட்டும் போயிடாதீங்க சார், சேத்துல மாட்டிக்குவீங்க" என்றார் படகுத்துறையில் சீட்டு கிழித்துக் கொடுத்தவர். நான் வந்ததே தீவுக்காகத்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

அரை மணி நேரத்துக்குப் பெடல் படகு. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை எனக்கு இரண்டு சுற்றுப் பெரியது. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. இந்த மாதத்துப் பெங்களூரில் வெயிலும் தூறலும் மாறி மாறி வரும்; மேற்கிலிருந்து வரும் காற்று மட்டும் லேசில் நிற்காது. அந்தக் காற்றை உத்தேசித்துத்தான் நாள் பார்த்திருந்தேன்.

இந்த அலைச்சலுக்குக் காரணம் இரண்டு பெண்கள். புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டின் தில்னா. இருவரும் கடற்படை அதிகாரிகள். 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, 25,400 கடல் மைல் ஓடி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று கோவாவுக்கே திரும்பி வந்தார்கள். மூன்றாவது ஆள் கிடையாது. நடுவில் நின்றது நான்கு துறைகளில்: ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில், நியூசிலாந்தின் லிட்டில்டன், ஃபாக்லாந்துத் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, பிறகு கேப் டவுன். பசிபிக்கின் நடுவே 'பாயின்ட் நீமோ' என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் முதல் தரை தட்டுப்பட 2,600 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். 2025 ஜனவரியில் அதையும் கடந்தார்கள்.

பத்திரிகைகள் இதையெல்லாம் எழுதிவிட்டன. எனக்குச் சுவையாக இருந்தது அதற்கு முந்தைய கதை. உலகைச் சுற்றக் கிளம்புவதற்கு முன் இந்த இருவர் மட்டுமாக ஒத்திகைக்குப் போனவை இரண்டும் தீவுகள். ஒரு முறை கோவாவிலிருந்து குமரிமுனை வழியாக அந்தமானின் போர்ட் பிளேருக்கும் திரும்பியும். இன்னொரு முறை மொரிஷியஸின் போர்ட் லூயிக்கும் திரும்பியும். உலகைச் சுற்றப் போகிறவர்கள் கடலில் நேராக நூறு நாள் ஓடிப் பழகினால் போதாதா, எதற்குத் தீவு என்று எனக்குப் பிடிபடவில்லை. அலுவலகத்தில் இதைப் புலம்பியபோது உடன் வேலை செய்பவர் சிரித்தார். "பாய்மரப் படகு பாக்கணும்னா கடலுக்கு ஏன் போறீங்க? அல்சூருக்குப் போங்க" என்றார்.

கடல் இந்த ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். உயரமோ கடல்மட்டத்துக்கு மேலே தொள்ளாயிரம் மீட்டர். ஆனாலும் அவர் சொன்னது சரி.

படகில் ஏறுவதற்கு முன் ஒரு நடை நடந்தேன். கென்சிங்டன் சாலைப் பக்கம் குருத்வாராவின் வெள்ளைக் குவிமாடம் நீரில் நெளிகிறது. ஏரியை ஒட்டிய பூங்காவில் திருவள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். 1991இல் வைத்த சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது; 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதி வந்து திறந்தார். சாதகமான காற்றுக்குக் காத்திருப்பதில் வள்ளுவரை மிஞ்சிய மாலுமி இந்த ஏரியில் இல்லை. பழைய ஆட்கள் இதைக் கெம்பே கௌடர் காலத்து ஏரி என்பார்கள். சுமார் 125 ஏக்கர். ஒரு பக்கம் முழுக்க ராணுவத்தின் இடம்: மெட்ராஸ் பொறியாளர் படை, ஊர்க்காரர்கள் வாயில் 'எம்.இ.ஜி.' 1780இல் சென்னையில் தொடங்கிய படை, 1834 முதல் இங்கே இருக்கிறது. அதன் சிப்பாய்களுக்குப் பட்டப்பெயர் 'தம்பி'. பஞ்சாபி அதிகாரியும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாராம். அல்சூரில் இவ்வளவு தமிழ் காதில் விழுவதற்கு அந்தப் படையும் ஒரு காரணம்.

அந்தப் படையின் பாய்மரப் படகுக் கிளப்பின் பெயர் 'திருஷ்ணா'. வடமொழியில் தாகம், வேட்கை. நன்னீர் ஏரிக்கரையில் தாகம் என்ற பெயரைப் பார்த்ததும் வேடிக்கையாக இருந்தது. பெயர் வந்த வழி தெரிந்தபின் சிரிப்பு நின்றுவிட்டது. 'திருஷ்ணா' 37 அடிப் படகு ஒன்று. நம் ராணுவத்தின் பொறியாளர் படையினர் கர்னல் டி.பி.எஸ். சௌத்ரி தலைமையில் 1985 செப்டம்பர் 28 அன்று பம்பாயிலிருந்து அதில் கிளம்பி, உலகைச் சுற்றி, 1987 ஜனவரி 10 அன்று திரும்பினார்கள். பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியக் குழு அதுதான். தபால்தலைகூட வந்தது. அவர்களுக்கும் ஒத்திகை உண்டு: படகை இங்கிலாந்தில் வாங்கி, பம்பாய் வரை தாங்களே ஓட்டிவந்தார்கள். போன கூட்டம் பாலம் கட்டுகிற, கண்ணிவெடி எடுக்கிற கூட்டம் என்பதை யோசித்துப் பாருங்கள். கடற்படை இல்லை.

எம்.இ.ஜி. எல்லைக்குள் நம்மை விடமாட்டார்கள். அதனால்தான் பெடல் படகு. மிதித்து ஏரியின் நடுவுக்கு வந்தபோது அந்தப் பக்கமிருந்து ஏழெட்டு வெள்ளைப் பாய்கள் வெளியே வந்தன. 'ஆப்டிமிஸ்ட்' வகை, பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகள் ஓட்டுவது. 2.3 மீட்டர்தான் நீளம், மூக்கைச் சப்பென்று அறுத்துவிட்ட தொட்டி மாதிரி இருக்கும். ஒரு பாய், ஒரு கயிறு, ஒரு சுக்கான், ஒரு பிள்ளை. எதிர்க்காற்றில் நேராக எந்தப் பாய்மரப் படகாலும் போக முடியாது. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பிள்ளைகள் தலையைக் குனிந்து, பாய் தலைக்கு மேல் மறுபக்கம் போனதும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். வீட்டில் ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் உட்காராத வயது.

தீவுக்கு அருகில் வந்ததும் கூத்து தொடங்கியது. மரம் அடர்ந்த தீவு, மேலே நீர்க்காகங்கள். அதன் கிழக்குப் பக்கம் நுழைந்த முதல் படகின் பாய் திடீரென்று தொங்கிவிட்டது. ஈரத் துணி மாதிரி. பின்னால் வந்ததும் அப்படியே. பத்தடி தள்ளி வெளியே வந்த மூன்றாவது படகை ஒரு காற்று பக்கவாட்டில் அறைந்தது. பிள்ளை படகின் விளிம்புக்கு வெளியே மல்லாந்து சாய்ந்து சமாளித்தது. என் பெடல் படகும் அரை வட்டம் சுற்றிவிட்டது. சீட்டுக்காரர் சொன்ன சேற்றுக்கு நான் அப்போது வெகு அருகில் இருந்தேன்.

கரைக்கு வந்து மூச்சு வாங்கியபோது பெஞ்சில் ஒரு பெரியவர் அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முறுக்கிய மீசை, சட்டைப் பையில் மடித்த 'தினத்தந்தி'. ஓய்வுபெற்ற தம்பி. ஊர் திருவண்ணாமலைப் பக்கம், வீடு மர்பி டவுனில்.

"தீவுக்குப் பின்னாடி காத்து செத்துடும் சார். மரம் எவ்வளவு ஒசரமோ அதுல பல பங்கு தூரத்துக்கு நிழல் விழும். காத்துக்கும் நிழல் உண்டுல்ல? நிழல் ஓரத்துல வந்தீங்கன்னா ரெண்டு பக்கமும் சுத்தி வர்ற காத்து சேந்து அடிக்கும். பசங்கள வேணும்னேதான் அங்க அனுப்புவாங்க."

"ஐயா, நீங்க கடல்ல போயிருக்கீங்களா?"

"இந்த ஏரியோட சரி. ஆனா கடல்ல போனவங்ககிட்ட கேட்டிருக்கேன். நடுக்கடல்ல பயம் கம்மியாம் சார். கரை கண்ணுல பட்டாத்தான் தூக்கம் போகுமாம்."

என் கேள்விக்கு விடை அதுதான். நடுக்கடலில் ஆழம் இருக்கிறது, இடம் இருக்கிறது. அலை எவ்வளவு உயர்ந்தாலும் மோத எதுவும் இல்லை. தீவை நெருங்கும்போதுதான் பவளப்பாறை, நீரோட்டம், மீன்வலை, சரக்குக் கப்பல், காற்று நிழல் எல்லாம் ஒரே இரவில் வந்து சேரும். இருவர் மட்டும் உள்ள படகில் ஒருவர் தூங்க வேண்டிய நேரமும் அதுவாகவே இருக்கும். போர்ட் லூயி மொரிஷியஸின் வடமேற்கில் இருக்கிறது. அந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்குக் காற்று. எண்ணூறு மீட்டர் வரை உயர்ந்த மலைகளுக்குப் பின்னால் ஒளிந்த துறைமுகம். நிழலுக்குள் நுழைந்து, தொங்கும் பாயோடு மெல்ல நகர்ந்து, திரும்பும்போது மறுபடி நிழலின் ஓரத்து அறையை வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும். ஒத்திகைக்கு அதைவிட நல்ல தீவு அமையாது.

பதிலுக்கு நானும் பெரியவரிடம் ஒரு கடல் கதையைச் சொன்னேன், வல்வெட்டித்துறைக் கதை. யாழ்ப்பாணத்து வடமராட்சியில், கடற்கரை மணலிலேயே கப்பல் கட்டிய ஊர். அங்கே கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அதற்கு முன்பே சின்னப் படகில் உலகைச் சுற்றியவர் அவர். மரம் பார்த்து, கட்டு பார்த்து வாங்கத் தெரிந்த ஆள். மனைவியின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டினார். வல்வெட்டித்துறையின் தண்டையலும் (கப்பல் தலைவர்) மாலுமிகளும் அதைச் சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோய், ஜிப்ரால்டர் தாண்டி, அட்லாண்டிக்கைக் கடந்து, பெர்முடா என்ற பவளத்தீவில் இளைப்பாறி, 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையில் நிறுத்தினார்கள்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தமிழ் ஆளுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "மோட்டார் இல்லாமலா?" கிளம்பும்போது பாய்தான் என்றேன். பையிலிருந்து பேனாவை எடுத்து, தினத்தந்தியின் ஓரத்தில் 'அன்னபூரணி 1938' என்று எழுதிக்கொண்டார். எழுதியதைப் பேரனிடம் காட்டப் போகிறாராம். அந்தப் பையனும் பாய்மரப் படகுப் பயிற்சியில் சேரப் போகிறான், வீட்டில் அவனுடைய அம்மாதான் தண்ணீர் என்றால் பயப்படுகிறாளாம்.

இதற்குள் ஆப்டிமிஸ்டுகள் தீவைச் சுற்றி முடித்துவிட்டன. ஒன்று மட்டும் நிழலில் சிக்கி நின்றது. மற்ற படகுகள் போய்விட்டன. பயிற்சி கொடுப்பவரின் மோட்டார் படகு சற்றுத் தள்ளி நின்றதே ஒழிய இழுக்க வரவில்லை. பிள்ளை கயிற்றைத் தளர விட்டு, சுக்கானை நடுவில் பிடித்தபடி அசையாமல் இருந்தது. நான் பதறினேன். பெரியவர் பதறவில்லை. "தண்ணியப் பாக்குறான் பாருங்க" என்றார். தூரத்தில் நீர் கறுத்துச் சிலிர்த்தது. காற்று வரும் தடம் அது. அந்தக் கறுப்புத் தடம் படகைத் தொட்டதும் பாய் புடைத்தது.

கிளம்பும்போது கேட்டேன்: "ஐயா, மொத்தம் எத்தனை தீவு? நான் மூணு எண்ணினேன்."

"இங்கருந்து மூணுதான் தெரியும். குருத்வாரா பக்கம் போயி எண்ணுங்க."

போய் எண்ணினேன். நான்கு. முதலில் ஒன்றாகத் தெரிந்தது ஒன்றன் பின் ஒன்றாக நின்ற இரண்டு. இன்னும் கொஞ்சம் நடந்து, ராணுவ வேலி தொடங்கும் இடத்திலிருந்து எண்ணியபோது மறுபடி மூன்று. ஆனால் இந்த முறை ஒளிந்திருந்தது வேறொரு தீவு.