வைகைக் கரையோரம் – 9: அணில் கேட்டுப் போனேன்

சென்ற இதழில் பரவைக் காய்கறிச் சந்தையோடு நிறுத்தியிருந்தேன். அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், சின்ன வயதில் கக்குவான் இருமலுக்கு அணில் கறி சாப்பிட்ட கதையைச் சொன்னார். அடித்து, உரித்து, சமைத்துக் கொடுத்தவர் இன்னும் சமயநல்லூரில் இருக்கிறாராம். பரவையிலிருந்து சமயநல்லூர் நடக்கிற தூரம்தான். மறுநாள் விடியற்காலையில் கிளம்பிவிட்டேன்.

தண்டவாளத்தைத் தாண்டி வேப்பமரத்தடியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். பக்கத்தில் மண்வெட்டி, கடப்பாரை, அடியில் ஓட்டை போட்ட ஒரு மண்பானை. வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அணிலா? அத விட்டு இருவது வருசத்துக்கு மேலாச்சு தம்பி. இன்னிக்கு எலிக்குப் போறோம். வாரதுன்னா வாங்க."

அவர், மருமகள், ஒரு நாட்டு நாய், நான். தேனூர்ப் பக்கமாக வயலில் இறங்கினோம். இரண்டாம் போகம் அறுத்து முடிந்த மாசிக் கடைசி. தாள் மட்டும் நின்றது. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியதால்தான் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,000 ஏக்கருக்கு மேல் இருபோகம் விளைகிறது. இரண்டு போகம் என்றால் எலிக்கும் இரண்டு போகம்.

நடந்துகொண்டே அணிலைப் பற்றிப் பேசினார். கல்லை வைத்து அடித்தால் கறி நசுங்கிப்போகும் என்று களிமண்ணை உருட்டிக் காயவைத்து, அந்த உருண்டையை உண்டிவில்லில் வைத்து அடிப்பாராம். முருங்கை பூக்கிற காலத்தில் கிளையில் கண்ணி கட்டுவதும் உண்டு. எலியைப் போல அணிலை நெருப்பில் வாட்டக்கூடாது. மயிர் கருகிய வாடை கறிக்குள் இறங்கிவிடும். வால் அடியில் கீறி, சட்டையைக் கழற்றுவது மாதிரி தலைப்பக்கமாகத் தோலை இழுத்துவிட வேண்டும். முன்கால் அக்குளில் இருக்கிற சின்ன முடிச்சை எடுக்காவிட்டால் குழம்பே நாறும். பிறகு மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டுச் சாறு வைப்பது.

"குடலையும் தலையையும் எடுத்தா ஒரு கைப்பிடி கறி தேறாது தம்பி. வயித்துக்குன்னு யாரும் அடிக்கல. இருமலுக்குன்னுதான் கேட்டு வருவாக."

அவருடைய அம்மா அதைத் தொடமாட்டாராம். ராமர் தடவிக் கோடு விழுந்த உயிர் என்று, அணில் சாற்றுக்கு ஒரு சட்டியைத் தனியாக வீட்டுக்கு வெளியே கவிழ்த்து வைத்திருந்தாராம். நம் ஊர் அணிலுக்கு மூன்று கோடு, வடக்கே உள்ளதற்கு ஐந்து. இளமையில் கூலிக்குப் போன ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடியில் பூனையளவு அணிலைப் பார்த்ததாகச் சொன்னார். அது நரை அணிலாக இருக்கவேண்டும். அதைக் காப்பதற்காகவே 1988-இல் அங்கே சரணாலயம் வந்தது; 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. நரை அணில், மலை அணில் எதையும் தொட 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் விடாது, விடவும் கூடாது. சீமையிலோ கதை வேறு. 1876-இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய்விட்ட சாம்பல் அணில் பெருகி, அந்நாட்டுச் சிவப்பு அணிலை ஒடுக்கிவிட்டது. அதனால் சாம்பல் அணிலை அடித்துத் தின்பதை அங்கே சிலர் நல்ல காரியமாகவே சொல்கிறார்கள்.

"நீங்க ஏன்யா விட்டீங்க?"

"பிள்ளைகளுக்கு ஊசி போட ஆரம்பிச்சாக. கக்குவான் போயிருச்சு. கேட்டு வர ஆளில்ல."

அணில் சாறு இருமலைத் தீர்த்தது என்று நான் நம்பவில்லை. முத்தடுப்பூசி குழந்தையையும் காப்பாற்றியது, அணிலையும் காப்பாற்றியது என்பதை நம்புகிறேன்.

வரப்பில் நாய் நின்றுவிட்டது. புதுமண் குவியல். வயல் எலி உள்ளேயிருந்து மண்ணைத் தள்ளி வாசலை அடைத்துக்கொள்ளும். ஈரம் காயாத மண் என்றால் ஆள் உள்ளே இருக்கிறது. தப்பி ஓட வேறு வாய்கள் எங்கே என்று மருமகள் குனிந்து தேடி, மூன்றைக் கண்டுபிடித்து மிதித்து அடைத்தார். பானைக்குள் வைக்கோலும் வறட்டியும் திணித்துத் தீ வைத்து, பானை வாயை வளையின் வாயில் பொருத்தினார் பெரியவர். அடியிலிருக்கும் ஓட்டையில் வாய் வைத்து ஊதினார். புகை உள்ளே போனது. பாதி அவர் நெஞ்சுக்குள்ளும் போனது. நான்கு முறை ஊதிவிட்டு, உட்கார்ந்து இருமினார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் ஊதுகிறேன் என்றேன். இரண்டு மூச்சில் கண் இருண்டுவிட்டது. ஐம்பது வருடமாக இதை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிற நெஞ்சு அது.

வெட்டும்போது கையை உள்ளே விடுவதில்லை. எலி வளையில் நல்ல பாம்பும் குடியிருக்கும். மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போனார்கள். ஆறு எலிகள். அதற்கும் கீழே ஓர் அறை, அதில் நெற்கதிர்கள் ஒழுங்காக நறுக்கி அடுக்கியது போல. மருமகள் அதை முந்தியில் அள்ளினார். உதிர்த்துப் புடைத்தபோது இரண்டு படி நெல் இருந்தது.

அடுத்த வயலில் வளைகள் இன்னும் அதிகம். ஆனால் பெரியவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அங்கே மருந்து வைத்திருக்கிறார்களாம். மருந்து தின்ற எலி மெதுவாக ஓடும், கண் மங்கியிருக்கும். தெரியாதவன்தான் சுலபமாகக் கிடைக்கிறதே என்று பிடிப்பான். "வெசம் வச்ச காட்டுல எலி எடுத்தா வீட்டுக்கு வெசம் எடுத்துட்டுப் போற மாதிரி." கையில் கீறல் இருந்தால் அன்றைக்கு அவர் எலியைத் தொடுவதில்லை. எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்திலிருந்து புண் வழியாக ஏறும் என்பது மருத்துவம் சொல்வது. அவர் அதைப் படிக்காமலே கடைப்பிடிக்கிறார்.

மதியம் வேப்பமரத்தடியில் அடுப்பு. வைக்கோல் தீயில் மயிரைப் பொசுக்கி, கத்தி முதுகால் வெள்ளையாகும்வரை சுரண்டினார் மருமகள். வாலும் பாதமும் வெட்டி, குடல் எடுத்து, மஞ்சள் தேய்த்து மூன்று தண்ணீரில் கழுவினார். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள். கறி அதன் தண்ணீரிலேயே வெந்து சுண்டிய பிறகு மிளகு.

"தின்பீகளா அண்ணே?" என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று பலர் சொல்லிப் பழகிய முகம்.

தின்றேன். முயலுக்கும் காடைக்கும் நடுவில் ஒரு ருசி. எலும்பு மெல்லியது, கறி இனிப்பு. நெல் தின்று வளர்ந்த உடம்பு அல்லவா!

12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசத்தில், ஆற்றோர வயல் எலியைச் சூடான எண்ணெயில் இட்டு மயிர் நீக்கி, வெந்நீரில் கழுவிச் சமைக்கும் முறை இருக்கிறது. நம் பெரும்பாணாற்றுப்படையில், வந்த பாணனுக்கு எயினர் நாய் பிடித்த உடும்பைச் சமைத்துப் படைக்கிறார்கள். அரசன் பந்தியில் இருந்தால் அது பாகம். புலவன் பாடினால் விருந்து. இந்த வேப்பமரத்தடியில் மட்டும் அது எப்படி இழிவானது? மருமகளின் மகள் ஏழாவது படிக்கிறாள். தாத்தா என்ன வேலை செய்கிறார் என்று வகுப்பில் கேட்டதற்கு "விவசாயம்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அதைச் சொல்லும்போது பெரியவர் சிரித்தார், மருமகள் சிரிக்கவில்லை. பொய்யே இல்லையே அது என்று நான் சொன்னேன். மூட்டை மூட்டையாக வளைக்குள் போகிற நெல்லை நிறுத்துகிறவர், விஷம் வைக்காமல் நிறுத்துகிறவர், விவசாயி இல்லாமல் வேறு யார்? கூலி எலிக்கு இவ்வளவு என்று வாலை எண்ணித்தான் கொடுக்கிறார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் மறுபடி வயலுக்குக் கிளம்பினார். இன்னும் எலி இருக்கிறதா என்று கேட்டேன்.

"எலிக்கு இல்ல தம்பி. வரப்ப வெட்டிப் போட்டுட்டு வந்துருக்கோம்ல."

வெட்டிய இடமெல்லாம் மண்ணை இழுத்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, குதிகாலால் மிதித்தார். மிதித்த இடத்தை மண்வெட்டியின் முதுகால் தட்டினார். ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் விட்டால் முதலில் உடைவது இந்த மாதிரி இடம்தானாம். சோழவந்தான் போகிற பேருந்தைப் பிடிக்க நான் ரோட்டில் ஏறியபோது, நான்காவது வளையை மிதித்துக்கொண்டிருந்தார்.

(அடுத்த இதழில்: சோழவந்தான் கொடிக்கால்)