புதுச்சேரியில் முட்டுக் கொடுத்த வீடு

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையைப் பார்ப்பார்கள், ஆசிரமத்துக்குப் போவார்கள், பஸ் ஏறிவிடுவார்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அங்கேதான் நம் தமிழ் வீதிகள் இருக்கின்றன. மரத்தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதையொட்டித் திண்ணை, செதுக்கு வேலை செய்த கதவு, உள்ளே முற்றம். கீழே பார்த்தால் நம்மூர் வீடு, நிமிர்ந்து பார்த்தால் மாடி மட்டும் பிரெஞ்சு மாளிகை என்று இருக்கும் வீடுகளும் உண்டு! வைசியாள் வீதியில் இப்படிப்பட்ட முகப்புகளை வரிசையாகச் சீர் செய்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருதுகூடக் கிடைத்தது.

தெருவில் நின்று ரசிக்கிறவர்களுக்கு இது அழகு. உள்ளே குடியிருக்கிறவர்களுக்கோ ஐப்பசி பிறந்தாலே தூக்கம் போய்விடுகிறது. கடற்கரையில் கம்பீரமாக நின்ற மேரி கட்டடமே 2014 நவம்பர் மாத மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே முகப்போடு திரும்பக் கட்டி, 2021-ல் திறந்தார்கள். சர்க்கார் கட்டடத்தைத் திரும்பக் கட்ட சர்க்கார் இருக்கிறது. குடித்தனக்காரர் வீட்டுக்கு?

தமிழ்ப் பகுதியில் ஒரு வீட்டில் ரிப்பேர் நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கூடம் முழுக்க இரும்பு முட்டுகள். நடுவே வளைந்து வளைந்துதான் போக வேண்டும். "பாத்து வாம்மா, தலையில இடிச்சுக்காதே" என்றபடி வீட்டு அம்மா வரவேற்றார்.

"மக பிரசவத்துக்கு வந்திருந்தா. இதோ, இந்த உத்தரத்துலதான் தொட்டில் கட்டினோம். ஆட்டும்போதெல்லாம் மாவாட்டம் கொட்டுச்சு. பல்லி ஓடுதுன்னு நெனச்சிக்கிட்டோம். ஒரு நாள் ஆசாரி வந்து உளியால தட்டினார். சுவத்துக்கிட்ட ஒரு முழம் நீளத்துக்கு உளி அப்படியே உள்ள போயிடுச்சும்மா!"

கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது.

இந்த வீடுகளின் மாடி, மெட்ராஸ் டெரஸ் என்கிற வகை. தேக்கு உத்தரம், அதன்மேல் நெருக்கமாகச் சட்டங்கள், அவற்றின்மேல் சன்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துக்கல்லாக நிறுத்தி, செங்கல் ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். நூறு வருஷம் தாங்கும். ஆனால் உத்தரத்தின் முனை சுவருக்குள் அல்லவா புதைந்திருக்கிறது? மாடித் தண்ணீர் போகும் துவாரத்தை இலை அடைத்துக்கொண்டால், நீர் தேங்கி, சுவர் வழியாக இறங்கி அந்த முனையைத்தான் ஊற வைக்கும். ஈரமான மரம் கரையானுக்கு விருந்து. நடுவில் தட்டினால் கணீரென்று இருக்கும், முனையோ இற்றுப்போயிருக்கும்.

உத்தரம் சுமை தாங்குவதோடு, எதிரெதிர்ச் சுவர்களைக் கைகோத்துப் பிடித்தும் நிற்கிறது. முனை போனால் சுவருக்குப் பிடி போய்விடும். இந்த வீட்டிலும் தெருப்பக்கச் சுவர் வயிறு தள்ளியிருந்தது. அதன்மேல் முன்பு யாரோ கனமாக சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துப் போடும். போதாததற்கு, இற்ற உத்தரத்துக்கு நேர் மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி! ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் கனம். நம்மில் எத்தனை பேர் அதை யோசிக்கிறோம்?

அண்ணன் தம்பி மூன்று பேர், யார் எவ்வளவு போடுவது என்று பேசிப் பேசியே இரண்டு மழைக்காலம் போய்விட்டதாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"வந்ததும் இன்ஜினியர் கடப்பாரையைத் தொட விடலைம்மா. தொட்டியக் காலி பண்ணுங்க, முட்டுக் குடுங்க, அப்புறம்தான் மத்ததுன்னுட்டார்." சரியான ஆள் என்று தோன்றியது. வந்தவுடனே இடிக்கிறவரை நான் நம்பமாட்டேன். சுமை எவ்வளவு, எந்தச் சுவர் தாங்குகிறது, அடிமண் எப்படி என்று கணக்குப் போட்டு, படம் வரைந்து கொடுத்த பிறகே வேலை துவங்கியிருக்கிறது.

முட்டு சுமையை வாங்கிக்கொண்டபின், இற்ற முனையை நல்ல மரம் வரும்வரை அறுத்தெடுத்தார்கள். பழைய தேக்கிலேயே ஒட்டுப்போட்டு, இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கினார்கள். முனை உட்காரும் இடத்தில் கருங்கல் பலகை. சுற்றிலும் காற்றுப் போக விரற்கடை இடைவெளி. வயிறு தள்ளிய சுவரைப் பழையபடி உள்ளே தள்ளப் பார்க்கவில்லை. நிற்கிற இடத்திலேயே பிடித்து நிறுத்தினார்கள். சுவரின் ஊடே இரும்புக் கம்பி விட்டு உத்தரத்தோடு பிணைத்து, தெருப்பக்கம் தாம்பாளம்போல ஒரு தகடு வைத்து மரை முடுக்கியிருக்கிறார்கள். விரிசலுக்குக் குறுக்கே துருப்பிடிக்காத கம்பிகளைப் பதித்துச் சுண்ணாம்புக் கரைசல் செலுத்தியதற்குப் பெயரே 'தையல்' தானாம்!

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடிய இன்னொரு விரிசலை மட்டும் மூடவில்லை. அப்படிப்பட்டது அஸ்திவாரம் இறங்கியதால் வந்திருக்கலாம். எனவே குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதியிருந்தார்கள். அசைவு இருந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். தினமும் விளக்கேற்றியதும் அதைப் பார்ப்பது வீட்டு அம்மாவின் பொறுப்பு. நான் போன அன்று நாற்பத்திரண்டாம் நாள். கண்ணாடி முழுசாக இருந்தது.

சுண்ணாம்பு இறுக நாளாகும் என்பதால் முட்டுகள் இன்னும் இரண்டு மாதம் நிற்குமாம். சமையல் பின்கட்டில், படுக்கை எதிர்வீட்டில். தொட்டிலுக்குச் சந்தையில் இரும்பு ஸ்டாண்டு வாங்கிவிட்டார்கள்.