19 பேர், ஒரு மேடை

கோவைப் பக்கம் கச்சேரி என்றால் என்ன ஞாபகம் வரும்? கோயில் நோம்பிக்கு வரும் லைட் மியூசிக், சினிமாப் பாட்டு... அவ்வளவுதானே! சொந்தமாகப் பாட்டுக் கட்டி ஊர் ஊராகப் போய்ப் பாடுவது லேசுப்பட்ட காரியமில்லை. அதைச் செய்து காட்டிய குழு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'.

இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் திரட்டிய 19 பேர். முதல் கச்சேரி 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். கிட்டார், டிரம்ஸ் பக்கத்திலேயே பறையும் சட்டியும்! கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். பெயருக்கு வேர், அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற எண்ணம். கோவைக்குப் பக்கத்து நீலகிரியில் பல வருடம் வாழ்ந்தவர் அவர்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 19 பேருக்கு ரயில் டிக்கெட், சாப்பாடு, தங்க இடம்... நாலு பேர் குழுவுக்கே கட்டுப்படியாகாது. ஆளைக் குறைக்கலாம்தான். ஆனால் யாரை? கிட்டார் இருக்கிறதே என்று சட்டி அடிப்பவரை இறக்கிவிட்டால், அந்தப் பெயருக்கு அப்புறம் என்ன அர்த்தம்?

அந்தக் குழுவில் கானா பாடிய இசைவாணி, 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். சபாக்களின் மாதமான மார்கழியில், நீலம் நடத்திய 'மார்கழியில் மக்களிசை' 2021 டிசம்பரில் மதுரைக்கும் கோவைக்கும் வந்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனது.

எழவு வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த பறை, கோவையில் மேடை ஏறியது. கூட்டம் உட்கார்ந்து கேட்டது. பயணச் செலவு எவ்வளவானால் என்ன!