பல் நட்டுக்கொள்ளலாமா?



அன்பின் சகோதரிகளே! பெண்களுக்கான மார்க்க வகுப்பு முடிந்ததும் கேள்விகள் துண்டுக் காகிதங்களில் எழுதப்பட்டு என்னிடம் வந்து சேரும். தொழுகை, நோன்பு, ஸகாத் என்று பல விடயங்கள் அவற்றில் இருக்கும். அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "பல் விழுந்த இடத்தில் எலும்புக்குள் ஆணி வைத்துப் புதுப் பல் கட்டுகிறார்களாம். அது கூடுமா? வுழூவும் குளிப்பும் நிறைவேறுமா?"

இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் என்னுடைய சொந்தத் தாத்தாவுக்கே இந்தச் சிகிச்சை நடந்திருப்பதால், கிதாபில் ஓதியதையும் கண்ணால் கண்டதையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தாத்தாவுக்கு இப்போது வயது ஐம்பத்தெட்டு. எனக்கு அலிப், பே சொல்லித் தந்தவர் அவர்தான். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக வீட்டு முன் மண்டபத்தில் பாய் விரித்து, ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து வந்தார். அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. சீனி கூடினால் பல் முரசு பழுதாகும், முரசு பழுதானால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும், பல் ஆடும். தாத்தாவுக்கும் அப்படித்தான் நடந்தது. முதலில் கடைவாய்ப் பற்கள் போயின. பிறகு ஒரு வருடத்துக்குள் மேல் வரிசையின் முன்பற்கள் இரண்டும் விழுந்தன.

முன்பல் போனால் அழகு போகும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஓதிக் கொடுப்பவருக்குப் போவது வேறொன்று. தஜ்வீத் ஓதிய சகோதரிகளுக்குத் தெரியும்: 'ஸா', 'தால்', 'ளா' என்ற மூன்று எழுத்துக்களும் நாக்கின் நுனி மேல் முன்பற்களின் நுனியில் படும்போது பிறப்பவை. 'பா' என்ற எழுத்து அதே பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தில் படும்போது வருவது. 'தால்' சூரத்துல் பாத்திஹாவிலேயே இருக்கிறது. 'அல்லதீன' என்று ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதுகிறோமே, அங்கே. பல் இல்லாத இடத்தில் நாக்கு எதைத் தொடும்?

ஒரு நாள் தாத்தா பிள்ளைகளை இன்னொரு வீட்டுக்கு ஓதுவதற்கு அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "தம்பி, எனக்கு 'ஸா' வருகுதில்ல. நான் சொல்றதக் கேட்டுத்தானே புள்ளைகள் சொல்லுது. பிழையா ஓதிக்குடுத்துட்டு அல்லாட்ட நான் என்ன பதில் சொல்ற?" என்றார்.

சகோதரிகளே, இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பல் இல்லாததால் எழுத்துச் சரியாக வராதவர் குற்றவாளி அல்லர். முடிந்தவரை ஓதினால் அவருடைய தொழுகை நிறைவேறும். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஆகவே பல் விழுந்த வயதான உம்மாமார் மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் தான் ஓதுவது வேறு, பிறருக்கு ஓதிக் கொடுப்பது வேறு. தாத்தாவின் கவலை இரண்டாவதைப் பற்றியது. அது நியாயமான கவலை.

முதலில் கழற்றி மாட்டும் பல் தட்டு ஒன்று செய்து கொடுத்தார்கள். பலருக்கு அது நன்றாகப் பொருந்தும், செலவும் குறைவு. தாத்தாவுக்கோ ஓதும்போது தட்டு அசைந்தது. 'ஸா'வோடு சேர்ந்து ஒரு விசில் சத்தமும் வந்தது. இரு பக்கப் பற்களையும் அராவி, அவற்றின் மீது பாலம் போலப் பல் கட்டும் முறையும் உண்டு. ஆனால் பக்கத்துப் பற்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று டொக்டர் சொன்னார். மீதமிருந்த வழி இம்ப்ளான்ட். அதாவது பல் நடுதல்.

அது என்ன என்று கொஞ்சம் விளக்குகிறேன். டைட்டேனியம் என்ற உலோகத்தில் செய்த, கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் நீளமுள்ள சிறு திருகாணியை, விறைப்பு ஊசி போட்டுத் தாடை எலும்பில் பதிப்பார்கள். மூன்று முதல் ஆறு மாதம்வரை காத்திருந்தால் எலும்பு அதைப் பற்றிக்கொண்டு வளரும். பிறகு அதன்மேல் பல்லைப் பொருத்துவார்கள். உலோகத்தை எலும்பு இப்படி ஏற்றுக்கொள்ளும் என்பதை 1952ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் பெர்-இங்வார் பிரனமார்க் என்ற டொக்டர் கண்டார். அவர் தேடியது பல்லை அல்ல. முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக வைத்த டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்கப் போனபோது, எலும்பு அதை விடவில்லை! 1965ஆம் ஆண்டு கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக இம்முறையில் பல் நட்டார்கள். அவர் 2006ஆம் ஆண்டு மரணிக்கும்வரை, நாற்பது வருடம், அது அவருக்கு உதவியது. ஸுப்ஹானல்லாஹ்! எலும்புக்குள் இந்தத் தன்மையை வைத்தவன் யார்?

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். "அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஆகாதல்லவா, மௌலவி?" என்று கேட்பீர்கள். அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களைச் சபித்த ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த ஹதீஸில் 'அழகுக்காக' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். குறையில்லாத பல்லை இளமை காட்டுவதற்காக அராவுவதே அங்கே கண்டிக்கப்படுகிறது. இழந்த உறுப்பை ஈடு செய்வது வேறு விடயம். அதற்கு அர்பஜா (ரலி) என்ற ஸஹாபியின் வரலாறு இருக்கிறது. ஜாஹிலிய்யாக் காலத்தில் குலாப் என்ற சண்டையில் அவர் மூக்கை இழந்தார். வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார். அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்து வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்கு ஹராமான தங்கமே தேவைக்காக ஒரு ஆணுக்கு அனுமதிக்கப்பட்டது என்றால், மெல்லவும் ஓதவும் ஒரு பெண் டைட்டேனியப் பல் நட்டுக்கொள்வதில் என்ன தடை?

சரி என்று போனதும் டொக்டர் உடனே தொடங்கவில்லை. மூன்று மாதச் சீனியின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை செய்வித்தார். 9.6 என்று வந்தது. "இந்த அளவில் புண் ஆறாது, எலும்பும் பிடிக்காது. முதலில் சீனியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். தாத்தா சீனி போட்ட தேநீரை விட்டார், வட்டிலாப்பத்தை விட்டார், அஸருக்குப் பின் நடந்தார், மருந்தை நேரத்துக்கு எடுத்தார். மூன்றாம் மாதம் 7.1. பல்லுக்காகத் தொடங்கியது உடம்புக்கே நன்மையாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பில் கைவைத்தால் புண் ஆறாமல் செய்துவிடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் சொல்ல வேண்டும்.

இன்னொரு விடயம் கட்டாயம் கேட்கப்பட வேண்டும். தாடை எலும்பு மெலிந்திருந்தால் அங்கே எலும்புத் தூள் வைப்பார்கள். அது மாட்டிலிருந்தும் எடுக்கப்படும், பன்றியிலிருந்தும் எடுக்கப்படும், மனித எலும்பிலிருந்தும் எடுக்கப்படும். மூலம் எது என்று உறையில் எழுதியிருக்கும். செயற்கையாகச் செய்த தூளும் இருக்கிறது. முறைப்படி அறுக்கப்படாத மாட்டின் எலும்பு நமது ஷாபிஈ மத்ஹபில் நஜீஸ். ஹனபி மத்ஹபில் அப்படியல்ல. நான் டொக்டரிடம் இதை எடுத்துச் சொன்னேன். அவர் முஸ்லிம் அல்லர். ஆனாலும் பொறுமையாகக் கேட்டு, செயற்கைத் தூளையே தருவித்துப் பாவித்தார். கேட்டால் கிடைக்கும், கேட்க வெட்கப்படாதீர்கள். சுத்தமான பொருள் கிடைக்காத நிலையில், எலும்பைப் பொருத்த நஜீஸைப் பாவித்தவர் மன்னிக்கப்பட்டவர் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். தெரியாமல் ஏற்கனவே வைத்துக்கொண்டவர்கள், ஆபத்தை விளைவித்து அதைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை.

2023ஆம் ஆண்டு ஷவ்வாலில் திருகாணிகள் இரண்டும் பதிக்கப்பட்டன. ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான வேலை. இரண்டு நாள் வீக்கம், ஒரு வாரம் கஞ்சி. ஐந்து மாதத்தின் பின் பல் பொருத்தினார்கள். வீட்டுக்கு வந்து தாத்தா முதலில் கண்ணாடியைப் பார்க்கவில்லை. "தம்பி, நீ கேளு" என்று சொல்லிவிட்டு 'ஸா'வை மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் சரியாக வந்தது. அடுத்த மாதம் பாய் மீண்டும் விரிக்கப்பட்டது.

துண்டுக் காகிதங்களின் மற்றைய கேள்விகளுக்கு வருகிறேன். வாய் கொப்பளிப்பது ஷாபிஈ மத்ஹபில் வுழூவிலும் குளிப்பிலும் ஸுன்னத். எனவே நட்ட பல்லால் எதுவும் தடைப்படாது. ஹனபி மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது பர்ளு. அங்கும் கழற்ற முடியாத பல் சொந்தப் பல்லைப் போன்றதே. நோன்புடன் பல் வைத்தியம் செய்தால்? தொண்டைக்குள் எதையும் விழுங்காதவரை நோன்பு முறியாது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997ஆம் ஆண்டு ஜித்தாவில் தீர்மானித்தது. ஆயினும் இரத்தமும் நீரும் ஓடும் வேலை இது. அவசரமில்லாவிட்டால் ரமழானுக்குப் பின் வைத்துக்கொள்வதே பேணுதல். மரணித்தால்? கழற்றக்கூடிய தட்டைக் கழற்றிவிடலாம். எலும்போடு வளர்ந்ததை அப்படியே விட வேண்டும். மையித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்று ஹதீஸில் வந்திருக்கிறது.

செலவைச் சொல்லாமல் விட முடியாது. 2022ஆம் ஆண்டு டொலர் நெருக்கடிக்குப் பின் வெளிநாட்டுச் சாமான்கள் எல்லாம் விலை ஏறியிருந்தன. ஒரு பல்லுக்கே இலட்சத்துக்கு மேல் போனது. தாத்தா தனது காப்பு இரண்டை விற்றார். "இந்த வயசுல பல்லுக்கா காப்ப விக்கிற?" என்று குடும்பத்தில் சிலர் கேட்டார்கள். காப்பு அவருடையது. பெண்ணின் சொத்து பெண்ணுக்கே உரியது என்பதை மார்க்கம் 1400 வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. கடன் பட்டும் வட்டிக்கு எடுத்தும் பல் நடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொருந்துகிறவர்களுக்குத் தட்டே போதும். உஹத் யுத்தத்தில் நபி (ஸல்) அவர்களின் முன்பற்களில் ஒன்று உடைந்தது. பல் இல்லாதிருப்பது வெட்கமல்ல.

நட்ட பல்லில் சூத்தை வராது. ஆனால் அதைச் சுற்றிய முரசு அழுகினால் எலும்பு கரைந்து ஆணியும் ஆடும். ஆகவே அதற்கும் தூரிகை வேண்டும், மிஸ்வாக் வேண்டும், டொக்டரிடம் காட்டுவதும் வேண்டும். உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்றில்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்க ஏவியிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது, பல் விழுந்த பிறகு நினைப்பதற்கல்ல. வெற்றிலைத் தட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியுள்ளது. கல்யாண வீட்டில் அதை நீட்டும் கைகள் யோசிக்கட்டும்.

சகோதரிகளே! இன்று பகல் சோற்றுக்கு உட்காரும்போது உங்கள் உம்மாவையும் மாமியையும் ஒரு தரம் கவனியுங்கள். இறைச்சியைப் பேரப்பிள்ளையின் பீங்கானுக்குத் தள்ளிவிட்டு, "எனக்குப் பருப்பு போதும்" என்கிறார்களா? ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுகிறார்களா? சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடுகிறார்களா? நம் பெண்கள் பல் வலியைச் சொல்ல மாட்டார்கள். வீட்டுச் செலவில் எல்லோருக்கும் கொடுத்து மீந்தால்தான் தங்களுக்கு என்று இருப்பார்கள். நீங்களும் அப்படித்தான் இருக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். பல்லும் அதில் ஒரு பங்கு. இம்ப்ளான்ட் எல்லோருக்கும் முடியாது. ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் ஒரு துண்டு எடுத்து, வாயைத் திறந்து காட்டுவது எல்லோருக்கும் முடியும்.

அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் நல்ல சுகத்தையும், அவனுடைய வேதத்தைத் திருத்தமாக ஓதும் நாவையும் தந்தருள்வானாக. ஆமீன்.