பழைய பெட்டியும் பாக்கெட் டைரியும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஆலை, மின் நிலையம், துறைமுகம் என்று வேலை பார்க்கும் பிள்ளைகள் அவசியம் படியுங்கள். மற்றவர்களுக்கும் கடைசியில் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன்.

காரைக்கால் என்றால் அம்மையார் கோயில், திருநள்ளாறு, கடற்கரை என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். திருமலைராயன்பட்டினம் பக்கம் போனால் வேறொரு காரைக்கால் தெரியும். 2000-இல் தொடங்கிய 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் அங்கே இருக்கிறது. ரசாயன ஆலை இருக்கிறது, வாஞ்சூரில் துறைமுகம் இருக்கிறது. நம் வகுப்பில் படித்த எத்தனையோ பேருக்கு இந்தப் பக்கத்து ஆலைகள்தான் சோறு போடுகின்றன.

அப்படி ஓர் ஆலையில் பொறியாளராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் மாங்கனித் திருவிழா சமயத்தில் வீட்டுக்கு வந்தார். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே 25 வருஷமாக ஒரு பி.எல்.சி. ஓடுகிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எந்த வால்வைத் திறப்பது, எந்த மோட்டாரை நிறுத்துவது என்று ஆலைக்குள் முடிவு செய்யும் பெட்டி அது. 1969-இல் டிக் மோர்லி குழுவினர் அமெரிக்காவில் உருவாக்கிய மோடிகான் 084 இந்த வகையின் முன்னோடி. அவர்கள் நிறுவனத்தின் 84-ஆவது திட்டம் என்பதால் அந்த எண்.

இவருடைய பெட்டி இன்னும் நன்றாகத்தான் உழைக்கிறது. ஆனால் அது சொல்வதெல்லாம் கட்டுப்பாட்டு அறையோடு நின்றுவிடும். தொட்டியின் மட்டம், வெப்பம், அழுத்தம் எல்லாம் அலுவலகக் கணினித் திரையிலும் தெரிய வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. பெட்டியையே மாற்றலாம் என்றால் பணமும் அதிகம், ஆலையைப் பல நாள் நிறுத்தவும் வேண்டும். "பழசு அப்படியே ஓடட்டும், அதுகிட்ட கேட்டு வாங்கிக்கலாம்" என்று இவர் இறங்கிவிட்டார்.

எப்படிக் கேட்பது? அதற்கு 1979-இல் வந்த மோட்பஸ் என்ற பேச்சுமுறை இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள நம் வகுப்பறை போதும். நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து எண்ணைக் கூப்பிட்டால் அந்த எண்ணுக்குரியவர் மட்டும் "உள்ளேன் ஐயா" என்பீர்கள் அல்லவா? மோட்பஸும் அதேதான். மேலே உள்ள கணினி எண் சொல்லிக் கூப்பிடும், அந்த எண்ணுள்ள பெட்டி மட்டும் பதில் சொல்லும். கூப்பிடாமல் எதுவும் வாய் திறக்காது. பெட்டிக்குள் மதிப்புகள் இருக்கும் இடத்துக்கும் ரெஜிஸ்டர் என்றுதான் பெயர்.

பழைய பெட்டியின் சீரியல் கம்பியை ஈதர்நெட்டாக மாற்ற, கையளவு கன்வெர்ட்டர் ஒன்று போதும். வேகம் 9600 என்றால் இரண்டு பக்கமும் 9600 இருக்க வேண்டும், பாரிட்டியும் ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் உப்புக்காற்று செம்புக் கம்பியின் முனையைப் பச்சை பிடிக்க வைக்கும். ஐப்பசி இடி மின்னல் வேறு. அதனால் மின்காப்புள்ள கன்வெர்ட்டராக வாங்கி, மூடிய பெட்டிக்குள் வைத்திருக்கிறார். நல்ல யோசனை.

"சார், ஒயர் வேலை அரை நாள்ல முடிஞ்சுது. எந்த நம்பர் எதுன்னு கண்டுபிடிக்கத்தான் ரெண்டு மாசம் ஆச்சு" என்றார்.

காரணம் இதுதான். பெட்டி 853 என்று ஓர் எண் மட்டும் தரும். அது 85.3 டிகிரியா, 853 லிட்டரா என்று சொல்லாது. தசம எண்களை இரண்டு ரெஜிஸ்டர்களில் பாதி பாதியாக வைத்திருக்கும். எந்தப் பாதி முதலில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாற்றிப் படித்தால் 25.3 வர வேண்டிய இடத்தில் 24 இலக்கத்தில் ஓர் எண் வந்து நிற்கும். அது பரவாயில்லை, தப்பு என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஆபத்தானது, நம்பும்படி வரும் தப்பு எண். சில கையேடுகள் ரெஜிஸ்டரை 1-இலிருந்து எண்ணும், சில மென்பொருள்கள் 0-இலிருந்து எண்ணும். ஒன்று தள்ளிப்போனால் இரண்டாம் தொட்டி என்று திரையில் எழுதியிருக்கும், காட்டுவது மூன்றாம் தொட்டியின் மட்டமாக இருக்கும்.

இவருக்கும் அதுதான் நடந்தது. திரையைப் பார்த்த மூத்த ஆபரேட்டர், "தம்பி, விடியக்காலையில ரெண்டாம் தொட்டி இவ்வளவு நிக்காது. இது மூணு" என்றாராம். சரிபார்த்தால் அவர் சொன்னதே சரி. ஐ.டி.ஐ. படித்தவர், பெட்டி வந்த நாளிலிருந்து அதோடு இருப்பவர். ஆலையில் இருந்த பழைய வரைபடங்களைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன டைரி. எந்த ரெஜிஸ்டர் எது, எந்த வருஷம் எந்த சென்சாரை மாற்றினார்கள், எதை எத்தனையால் வகுக்க வேண்டும், எல்லாம் பென்சிலில். வருகிற நவம்பரில் அவருக்கு ஓய்வு.

நம் மாணவர் என்ன செய்தார் தெரியுமா? வேலை முடிந்தபின் பன்னிரண்டு மாலைகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த டைரி முழுவதையும் கணினியில் ஏற்றினார். ஒவ்வொரு வரியையும் தொட்டிக்கே போய் அளந்து சரிபார்த்தார். முதல் பக்கத்தில் அந்த ஆபரேட்டரின் பெயரைப் போட்டார். தேர்வில் இவர் வாங்கிய மதிப்பெண் எனக்கு நினைவில்லை. இது மறக்காது.

இன்னொன்றையும் சரியாகச் செய்திருக்கிறார். மோட்பஸில் கட்டளை எண் 3 படிப்பதற்கு, 6-ம் 16-ம் எழுதுவதற்கு. கேட்பது யார் என்று அந்தப் பழைய பேச்சுமுறை விசாரிக்காது, கடவுச்சொல்லும் கிடையாது. 1979-இல் கம்பி ஆலையைத் தாண்டிப் போகும் என்று யார் நினைத்தார்கள்? அதனால் படிக்க மட்டும் அனுமதித்து, எழுதும் கட்டளைகளை வழியிலேயே தடுத்துவிட்டார். இணையத்தோடு நேராக இணைக்கவும் இல்லை. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஈரானில் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குள்ளேயே புகுந்தது. 2019-இல் நம் கூடங்குளத்தில் நிர்வாகக் கணினி ஒன்றில் தீம்பொருள் இருந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. தனியாக வைப்பதன் அருமை அதில் புரியும்.

இப்போது என் வேண்டுகோள். ஓய்வு பெறுபவருக்கு நாம் சால்வை போடுகிறோம், மோதிரம் போடுகிறோம், குழுவாகப் படம் எடுக்கிறோம். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதி வைக்கிறோமா? துபாயிலோ சிங்கப்பூரிலோ நாகூரிலோ, நீங்கள் எங்கே இருந்தாலும் உங்கள் இடத்தில் அப்படி ஒருவர் இருப்பார். இந்த வாரமே ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆலைக்குப் போகாதவர்கள், வீட்டில் எந்த வயலுக்கு எந்த மதகுத் தண்ணீர், எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் என்று அறிந்த பெரியவரிடம் உட்காருங்கள்.

கேட்டு எழுதியவர்கள் என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கீழே சொல்லுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.