உப்புத் தண்ணியும் கீசரும்

திருவண்ணாமலையில வீடு இருந்தா கார்த்திகை தீபத்துக்கு சொந்தக்காரங்க வராம இருப்பாங்களா? 14 கிலோமீட்டர் கிரிவலம் சுத்திட்டு வர்ற பெரியவங்களுக்கு வெந்நீர் வேணும். அம்மாவுக்கு 70 வயசு. விறகடுப்புப் புகை இனி ஒத்துக்காது. அதான் கீசர்.

கடையில எல்லாரும் ஸ்டார் பத்தியே பேசுறாங்க. எங்க போர் தண்ணிக்கு முதல் எதிரி உப்பு மக்களே! தண்ணி சூடாக சூடாக அது காயில் மேல பக்கு மாதிரி படியும். அப்புறம் அதே சூட்டுக்கு அதிக நேரம் கரண்ட் ஓடணும்.

வாங்கினது 15 லிட்டர், 2 கிலோவாட். சூடாக ஏறத்தாழ 20 நிமிஷம். உள்ளே ஒரு மக்னீசியம் கம்பி இருக்கு. டேங்க் துருப்பிடிக்காம இருக்க, தான் முதல்ல அரிச்சுப்போறதுதான் அதோட வேலை. வருஷா வருஷம் தீபத்துக்கு முன்னாடி ஆளைக் கூப்பிட்டு கழட்டிப் பார்க்கச் சொல்றேன், மெலிஞ்சிருந்தா புதுசு. உப்பையும் அப்பவே சுரண்டிடணும். தெர்மோஸ்டாட் 60 டிகிரியைத் தாண்டவேண்டாம், தாண்டினா உப்பு வேகமாப் படியும்.

எர்த் சரியில்லாத வீட்டுல கீசர் மாட்டவே மாட்டாதீங்க. சேஃப்டி வால்வு சொட்டுதேன்னு அடைச்சும் வைக்காதீங்க, டேங்க் வெடிக்கும்.

பி.கு: ஸ்விட்சை அணைச்சிட்டுக் குளிங்க. எங்க வீட்டு விருந்தாளிகளுக்கும் இதே சட்டம்தான் :-)