கோலிப்பலகை

பங்குனித் திங்கள் வந்துவிட்டால், தேனாம்பேட்டையில் எங்கள் தெருச் சிறுவர்களின் கால்கள் தாமாகவே மயிலாப்பூரை நோக்கி நடக்கும். கபாலீசுவரர் கோயில் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் திருவுலா. அன்று மாட வீதிகள் நான்கிலும் மக்கள் வெள்ளம் பெருகும். ஊதல், பலூன், காற்றாடி, மரச்செப்பு எனக் கண்ணைக் கவரும் கடைகள் வீதியோரம் நிறைந்திருக்கும். அக்கடைகளுள் ஒன்று என் தந்தையாருடையது.

தந்தையார் தச்சுத் தொழிலாளர். ஆண்டு முழுவதும் கதவும் நாற்காலியும் செய்வார். விழாவுக்கு முன் கோலிப்பலகை செய்வார். முழ நீளப் பலகை. அதன் தலைப்பக்கம் வளைந்திருக்கும். வலப்பக்கம் ஒரு சுருள்வில். அதனை இழுத்துவிட்டால் சிறிய எஃகுக் குண்டு மேலே ஓடி, வளைவில் திரும்பி, ஆணிகளில் மோதி மோதிக் கீழே இறங்கும். இறங்கும் இடத்தில் எழுதியுள்ள எண்ணே ஆடியவன் பெறும் புள்ளி. ஆட்டம் அவ்வளவுதான். ஆயினும் ஒருமுறை ஆடியவன் மறுமுறை ஆடாமல் எழமாட்டான்.

1974 ஆம் ஆண்டு தந்தையாருக்குப் புதிய எண்ணம் ஒன்று தோன்றியது. 'சந்திரலேகா'வை 1948 இல் உலகுக்கு அளித்த ஜெமினி ஸ்டூடியோ எங்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருந்தது. எனவே எங்கள் தெருவில் திரைப்படப் பேச்சுக்குக் குறைவே இல்லை. மாசித் திங்களில் வெளிவரும் என்று எல்லோரும் பேசிய படம் ஒன்றின் வண்ணத்தாள்களை அவர் விலைக்கு வாங்கினார். "படம் ஓடும் நேரத்தில் திருவிழா வரும், கதாநாயகன் முகம் இருந்தால் பலகை தானே விற்கும்" என்றார். அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. அறுபது பலகைகள் உருவாயின.

படம் மாசியில் வெளிவரவில்லை. பங்குனியிலும் வரவில்லை. திருவிழா மட்டும் தன் நாளில் தவறாமல் வந்தது.

எங்கள் கடைக்கு அடுத்த கடையில், அப்போது ஓடிக்கொண்டிருந்த வேறொரு படத்தின் நாயகன் முகமூடிகள் மாலைக்குள் விற்றுத் தீர்ந்தன. எங்கள் பலகையைக் கையில் எடுத்தவர்களோ, "இது எந்தப் படம்?" என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்தனர். ஏழு பலகைகள் விற்றன. ஐம்பத்து மூன்று பலகைகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு இரவில் வீடு திரும்பினோம். வழிநெடுகத் தந்தையார் பேசவே இல்லை. அம்மா வெறுங்கையோடு சோறு பரிமாறினார். அந்தக் கையைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனால், கடையில் நான் கண்ட காட்சி ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆடிப் பார்ப்பதற்காகப் படம் ஒட்டாத பழைய பலகை ஒன்றை வைத்திருந்தோம். அதைச் சுற்றி நாள் முழுவதும் சிறுவர் கூட்டம். புதிய பலகையில் ஆடியவர்களோ இரண்டு முறை ஆடிவிட்டு எழுந்து சென்றனர். மறுநாள் இதனைத் தந்தையாரிடம் சொன்னேன்.

அவர் இரண்டு பலகைகளையும் அருகருகே வைத்து நெடுநேரம் ஆடிப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "தம்பி, தவறு என்னுடையது. நாயகன் முகத்தில் ஆணி அடிக்க எனக்கு மனம் வரவில்லை. நடுப்பலகை முழுவதும் வெறுமையாகிவிட்டது. குண்டு மோத இடமின்றி நேரே கீழே ஓடிவிடுகிறது. படத்துக்காக ஆட்டத்தைக் கெடுத்துவிட்டேன்" என்றார்.

அன்றே தாள்களை நனைத்து உரித்தோம். பச்சை வண்ணம் பூசினோம். வெறுமையாய் இருந்த நடுவிடத்தில் புதிய ஆணிகளை அடித்தோம். கோடை விடுமுறையில் தெருத்தெருவாக எடுத்துச் சென்றோம். ஒரு வீட்டில் ஒரு பலகை விற்றால், மறுவாரம் அடுத்த வீட்டுப் பிள்ளை எங்களைத் தேடி வந்தான். ஆனி முடிவதற்குள் வளையல்கள் அம்மாவின் கைக்குத் திரும்பின. அந்தப் படமும் ஆனியில்தான் வெளிவந்தது. இரண்டே வாரத்தில் அரங்கை விட்டு நீங்கியது.

பிற்காலத்தில் நூல்களைப் படித்தபோது, எங்கள் கோலிப்பலகையின் உறவினர் உலகெங்கும் இருப்பதை அறிந்தேன். சுருள்வில்லால் குண்டைச் செலுத்தும் அமைப்புக்கு 1871 இல் மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அந்த ஆட்டமே வளர்ந்து 'பின்பால்' என்னும் காசுப் பொறியாயிற்று. விழும் குண்டை மீண்டும் மேலே தட்டும் சிறு துடுப்புகள் 1947 இல் வெளியான 'ஹம்ப்டி டம்ப்டி' பொறியில் இடம்பெற்றன. பின்னர்த் திரைப்படங்களின் பெயரை உரிமம் பெற்றுச் சூட்டிக்கொண்ட பொறிகளும் வந்தன.

'டெர்மினேட்டர் 2' படமும் அதன் பொறியும் 1991 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. படம் உருவாகும்போதே பொறியும் உருவாயிற்று. காலம் அறிந்து செய்த செயல் அது. 'ஆடம்ஸ் ஃபேமிலி' பொறியோ படம் வெளிவந்து சில திங்கள் கழித்து, 1992 இல்தான் வந்தது. ஆயினும் 20,000க்கு மேற்பட்ட பொறிகள் விற்றன. காரணம் என்ன? அப்படத்தில் உடலின்றித் தனியே உலவும் கை ஒன்று உண்டு. பொறியிலும் ஒரு பெட்டியிலிருந்து கை எழுந்து வந்து குண்டைப் பற்றிக்கொண்டு மறையும். பலகையின் அடியில் மறைந்துள்ள காந்தங்கள் குண்டைத் திடீரெனத் திசைமாற்றும். பேட் லாலர், லாரி டிமார் ஆகிய வடிவமைப்பாளர்கள் படத்தைப் பலகையின்மேல் ஒட்டவில்லை, ஆட்டத்துக்குள் வைத்தனர். நாயகன் முகத்தில் ஆணி அடிக்க அவர்கள் தயங்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் இவ்வணிகம் வளர்ந்துள்ளது. 2016 இல் 'கபாலி' வெளிவந்தபோது ரஜினிகாந்தின் உருவம் விமானத்தின்மேலேயே தீட்டப்பட்டது. படத்தின் புகழ் பொங்கும் நாளில் பொருளும் கைக்கு எட்ட வேண்டும். நாள் தவறினால் எங்கள் கடையின் கதைதான். ஆனால் அந்தப் புகழ் மக்களைக் கடைவரை மட்டுமே அழைத்து வரும். வந்தவர்களை நிற்க வைப்பது பொருளின் தரமே. காலம் அறிதல் வணிகனின் அறிவு; பொருளைச் செம்மையாகச் செய்தல் தொழிலாளியின் அறம். முன்னது தவறினாலும் பின்னது காப்பாற்றும் என்பதை அம்மாவின் வளையல்கள் எனக்குக் கற்பித்தன.

அந்த அறுபதில் ஒரு பலகை இன்றும் என்னிடம் உள்ளது. பச்சை வண்ணம் உதிர்ந்த மூலையில், உரிபடாமல் தங்கிய வண்ணத்தாளின் துண்டு ஒன்று தெரிகிறது. அது எந்தப் படம் என்று என் பேரன் கேட்பதில்லை. சுருள்வில்லை இழுத்துவிட்டு, குண்டு இறங்கும் வழியையே இமையாமல் பார்க்கிறான்.